வில்லியம் பெண்டிங்: வேலூரில் பதவி பறிபோனவரும் சதியை (உடன்கட்டை ஏற்றும் வழக்கத்தை) ஒழித்தவரும் ஒரே ஆள்தான், ஏன் பிரித்தே படிக்கிறோம்?

#1 வேலூர்க்காரன்

பள்ளிப் பாடத்தில் இவர் இரண்டு இடங்களில் வருவார். வேலூர்ப் புரட்சி பாடத்தில் சென்னை ஆளுநராக ஒரு வரி, திரும்ப அழைக்கப்பட்டார் என்பதோடு முடிந்துவிடும். அப்புறம் பல பக்கம் தள்ளி சதி ஒழிப்பு, தக்கர் என்ற வழிப்பறிக் கொலைக் கும்பல்களின் ஒழிப்பு, ஆங்கிலக் கல்வி என்று வரிசையாகச் சாதனை செய்யும் ஒரு தலைமை ஆளுநர். இரண்டும் ஒரே மனிதர் என்பது தேர்வு எழுதி முடித்த பிறகும் பலருக்கு மனதில் பதிவதில்லை. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, அதற்காகத்தான் இந்த இழை: 1806 வேலூரை விட்டுவிட்டு 1829 பெண்டிங்கைப் புரிந்துகொள்ளவே முடியாது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். 1774-இல் பிறந்தவர், மூன்றாம் போர்ட்லாண்ட் டியூக்கின் இரண்டாவது மகன். அப்பா இரண்டு முறை பிரிட்டனின் பிரதமர். அம்மாவைப் பெற்ற தாத்தா டெவன்ஷயர் டியூக், அவரும் பிரதமராக இருந்தவர். டியூக் பட்டமும் நிலமும் மூத்தவனுக்குப் போய்விடும்; இரண்டாவது பிள்ளைக்குப் படை, நாடாளுமன்றம், கடல் கடந்த பதவி என்பதுதான் அந்த வீடுகளின் வழக்கம். 1791-இல் கோல்ட்ஸ்ட்ரீம் காவல் படையில் சேர்கிறார், 1794-இல் லெப்டினன்ட் கர்னல், 1796-இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1799-இல் வட இத்தாலியில் ரஷ்யத் தளபதி சுவோரோவின் படையோடு பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்து போரைப் பக்கத்திலிருந்து பார்க்கிறார். 1803 ஆகஸ்டில் சென்னை ஆளுநர். அப்போது 29 வயதுகூட நிறையவில்லை.

மூன்றே வருடத்தில் வேலூர். 1806 ஜூலை 10 அதிகாலை, கோட்டைக்குள் இருந்த சென்னைப் படையின் சிப்பாய்கள் எழுந்து 69-ஆம் ரெஜிமென்ட்டின் வெள்ளைச் சிப்பாய்களைச் சுட்டார்கள், கோட்டைத் தலைவர் கர்னல் பான்கோர்ட் செத்தார், மைசூரின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து காலையிலேயே கோட்டையைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அரண்மனைப் பகுதியில் ஒதுங்கியிருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் இறந்த சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த நிகழ்ச்சிதான் அந்த மனிதரின் மீதி வாழ்க்கையைத் தீர்மானித்தது என்பது என் வாதம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

#2 தென்கரை

நல்ல இழை. ஆனால் வேலூருக்குப் பெண்டிங்கை எப்படிப் பொறுப்பாக்குவது? தலைப்பாகையை மாற்றியது, தாடியை மழிக்கச் சொன்னது, நெற்றியில் திருநீறும் நாமமும் கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்றது எல்லாம் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக்கின் வேலை. தலைப்பாகைக்கே அக்னியூ என்ற அதிகாரியின் பெயர்தான். ஆளுநர் சிவில் நிர்வாகம் பார்க்கிறவர். படைவீரன் என்ன உடுத்த வேண்டும் என்பதில் அவருக்கு என்ன வேலை?

#3 வேலூர்க்காரன்

தென்கரை, இதே வாதத்தைத்தான் பெண்டிங்கும் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். 1810-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதிய நீண்ட விண்ணப்பத்தை அச்சிட்டே வெளியிட்டார். கிரடாக் கொண்டுவந்தது முழுப் படை விதித் தொகுப்பு, அதற்குள் சாதிக்குறி பற்றிய பத்தி புதைந்து கிடந்தது, புதிதாகச் சேர்த்தது என்று யாரும் சொல்லவில்லை என்பது அவர் தரப்பு. அதுவரை ஏற்கலாம்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். புதுத் தலைப்பாகையை ஏற்க மறுத்த வேலூர்ச் சிப்பாய்களை மே மாதமே சென்னைக்கு அனுப்பி விசாரித்துத் தண்டித்தாகிவிட்டது. ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் தலைக்கு 900 கசையடி. அதாவது எதிர்ப்பு இருப்பது சென்னை அரசாங்கத்துக்குத் தெரியும். ஜூன் கடைசியில் கிரடாக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது, தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெறலாமா என்று ஆளுநரிடம் கேட்கிறார். ஜூலை 4 அன்று ஆளுநரும் ஆலோசனைச் சபையும் எடுத்த முடிவு: பின்வாங்கக் கூடாது. உங்கள் மதத்தில் கைவைக்கும் எண்ணம் இல்லை என்று சிப்பாய்களுக்குச் சொல்லும் ஓர் அறிவிப்பை மட்டும் எழுதினார்கள், அதையும் வெளியிடவில்லை. ஆறாவது நாள் வேலூர்.

உடையைத் தீர்மானித்தது கிரடாக், சரி. நிறுத்தக் கிடைத்த கடைசி வாய்ப்பு பெண்டிங் கையில் இருந்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கலகத் திட்டம் பற்றி முன்கூட்டியே வந்து சொன்னதையும் வேலூர் அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதைச் சேர்த்துப் படித்தால் அந்த அரசாங்கம் எவ்வளவு தூரம் தன் சிப்பாய்களை விட்டு விலகி இருந்தது என்று தெரியும்.

1807 ஏப்ரலில் லண்டன் இருவரையும் பதவியிலிருந்து நீக்கியது. அதற்குச் சில நாள் முன்புதான் பெண்டிங்கின் அப்பா இரண்டாம் முறையாகப் பிரதமர் ஆகியிருந்தார். பிரதமர் மகன் என்றும் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றால் வேலூர் அவர்களை எவ்வளவு உலுக்கியிருக்க வேண்டும்.

#4 மேகலை

எனக்கு அந்த 19 வயது லெப்டினன்ட் கர்னல்தான் மனதில் நிற்கிறது. அந்தக் காலப் பிரிட்டிஷ் படையில் அதிகாரி பதவி பெரும்பாலும் விலைக்கு வாங்குவது. காசும் குடும்பமும் இருந்தால் மீசை முளைக்கும் முன்பே ஒரு ரெஜிமென்ட். சிப்பாய்க்கு? இருபது முப்பது வருடம் உழைத்து சுபேதார் ஆனாலும் நேற்று வந்த வெள்ளைக்காரப் பையனுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். இப்படி வந்த ஒருவர் கையில் ஒரு மாகாணத்தையே கொடுத்தால், சிப்பாய்க்குத் தலைப்பாகை என்பது வெறும் சீருடை அல்ல, சாதியும் மதமும் குடும்ப மானமும் என்று அவருக்கு எப்படிப் புரியும்?

தோல் வைத்துத் தைத்தது அது. மாட்டுத்தோலோ பன்றித்தோலோ என்ற சந்தேகம் இரண்டு தரப்பையும் ஒன்றாகச் சேர்த்தது. ஐரோப்பியர் தொப்பி மாதிரி இருக்கிறது, அடுத்து நம்மைக் கிறிஸ்தவனாக்குவார்கள் என்ற பயம் வேறு. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று சிப்பாய்கள் சொன்னதாகப் பதிவே இருக்கிறது. 900 அடி என்று நாம் எளிதாக எழுதிவிட்டுப் போகிறோம். ஒரு மனித முதுகு அதைத் தாங்காது. பெண்டிங்கைப் பற்றிப் பேசும்போது அந்த இரண்டு பேரையும் மறக்கக் கூடாது, அவர்கள் பெயர்கூட நம் பாடத்தில் இல்லை.

#5 நூலகவாசி

வேலூருக்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊர் திரும்பியதும் மறுபடி படை. 1809 ஜனவரியில் ஸ்பெயினின் கொருன்னாவில் சர் ஜான் மூர் உயிர்விட்ட சண்டையில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பெண்டிங், எல்வினா கிராமத்தைச் சுற்றி நடந்த கடும் சண்டை அவர் பகுதியில்தான். 1811-இல் சிசிலி. இங்கே அவர் தூதரும் படைத்தளபதியும் இரண்டுமாகப் போகிறார். நேப்பிள்ஸ் ராஜ்யத்தின் நிலப்பகுதியை நெப்போலியன் பிடித்துவிட்டதால் அரசர் பெர்டினாண்ட் பாலெர்மோவில் பிரிட்டிஷ் கப்பல்களின் பாதுகாப்பில் உட்கார்ந்திருக்கிறார். உண்மையான அதிகாரம் ராணி மரியா கரோலினாவிடம். கில்லட்டினில் தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட்டின் அக்கா இவர். பெண்டிங்குக்கும் இவருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டன் கொடுத்துவந்த உதவிப்பணத்தை நிறுத்திவைத்து, படையைக் காட்டி, அரசரை ஒதுங்க வைத்து மகனிடம் ஆட்சிப் பொறுப்பைக் கொடுக்க வைத்தார் பெண்டிங். 1812-இல் பாலெர்மோ நாடாளுமன்றம் ஆங்கிலேய மாதிரியில் ஓர் அரசியலமைப்பை நிறைவேற்றியது: பிரபுக்கள் அவை, மக்கள் அவை, நிலப்பிரபுத்துவ உரிமைகளுக்கு முடிவு. மறு வருடம் ராணியைத் தீவை விட்டே அனுப்பினார். ஒரு பிரிட்டிஷ் பிரபு வீட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டின் ராணியை நாடு கடத்திவிட்டு அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கொடுத்தேன் என்கிறார். இந்த முரண்பாடு அவருக்கு ஒரு நாளும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

1813-இல் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் ஓர்டால் கணவாயில் பிரெஞ்சு மார்ஷல் சூஷேயிடம் தோற்றார். தளபதியாக அவர் பெரிய ஆள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1814-இல் இத்தாலியில் லிவோர்னோவில் இறங்கி, இத்தாலியர்களே எழுந்து சுதந்திரத்தைப் பெறுங்கள் என்று அறிக்கை விட்டார், ஏப்ரலில் ஜெனோவாவைப் பிடித்து அங்கே பழைய குடியரசை மீட்டதாக அறிவித்தே விட்டார். லண்டனில் வெளியுறவு அமைச்சர் காசில்ரே கடும் கோபம் கொண்டார், அப்படி எந்த அதிகாரமும் இவருக்குக் கொடுக்கவில்லை. வியன்னா மாநாட்டில் ஜெனோவாவைத் தூக்கி சார்டினிய அரசரிடம் கொடுத்துவிட்டார்கள். சிசிலியின் அரசியலமைப்பும் 1816-இல் போய்விட்டது. நம்பி எழுந்த ஜெனோவாக்காரர்கள் ஏமாந்தார்கள்.

ஆக 1816 கணக்குப்படி பெண்டிங் சென்னையில் நீக்கப்பட்டவர், இத்தாலியில் சொந்த அரசாங்கமே கைவிட்டவர்.

#6 தென்கரை

இதெல்லாம் எனக்குப் புதிது. இப்படிப்பட்ட ஆளுக்கு 1828-இல் எப்படி இந்தியாவிலேயே மிகப் பெரிய பதவி கிடைத்தது?

#7 நூலகவாசி

குடும்பம்தான். பெண்டிங்கின் அண்ணன் மனைவியும் ஜார்ஜ் கானிங்கின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். 1827-இல் கானிங் பிரதமர் ஆனதும் கதவு திறந்தது. பெண்டிங் அதற்குச் சில வருடம் முன்பே அந்தப் பதவிக்கு முயன்று பார்த்துக் கிடைக்காமல் போனவர். சென்னை நீக்கத்தின் கறையைத் துடைக்க வேண்டும் என்ற வேகம் அவருக்குக் கடைசிவரை இருந்தது, வேலூர்க்காரன் சொல்வதில் அந்த அளவு எனக்கு முழு உடன்பாடு.

#8 கணக்குப்பிள்ளை

கம்பெனி அவரை அனுப்பியது சீர்திருத்தத்துக்காக அல்ல, செலவைக் குறைக்க. முதல் பர்மியப் போர் கருவூலத்தைக் காலி செய்திருந்தது, நாடாளுமன்றத்தில் 1833-இல் சாசனம் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் கணக்கை நேராக்கிக் காட்டியாக வேண்டும். வந்த வருடமே கல்கத்தாவுக்கு அருகில் உள்ள முகாம்களில் படை அதிகாரிகளின் 'பேட்டா' என்ற கூடுதல் படியைப் பாதியாக வெட்டினார். லண்டன் உத்தரவுதான், ஆனால் திட்டு முழுக்க இவருக்கு. வெள்ளை அதிகாரிகள் இவர் விருந்துக்கே போகாத அளவுக்கு வெறுத்தார்கள். முன்சீப், சதர் அமீன் என்ற கீழ்நிலை நீதிபதிப் பதவிகளில் இந்தியர்களுக்கு அதிகாரத்தை உயர்த்தியதை நாம் தாராள மனது என்கிறோம், அதில் சம்பள மிச்சமும் இருக்கிறது. வெள்ளை நீதிபதி ஒருவரின் செலவில் பல இந்தியர்களை வைக்கலாம்.

சென்னையில் இருந்தபோது கம்பெனி அதிகாரி மன்றோவின் ரயத்வாரி முறைக்கு (விவசாயியிடம் நேராக வரி வாங்குவது) ஆதரவாக நின்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்காளத்து ஜமீன்தாரி முறையை இங்கேயும் திணிக்க வேண்டும் என்ற அழுத்தம் இருந்த காலம் அது. நம் ஊர் விவசாயியின் நிலவரி வரலாற்றில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடம் உண்மையில் இதுதான், யாரும் எழுதுவதில்லை.

#9 வேலூர்க்காரன்

இப்போது சதிக்கு வருகிறேன், என் வாதத்தின் மையம் இதுதான்.

1829 டிசம்பர் 4, சதியைத் தடை செய்த பதினேழாம் விதி. அதற்கு முன் நவம்பரில் பெண்டிங் எழுதிய குறிப்பு அச்சில் கிடைக்கிறது. கணவன் சிதையில் பெண்ணை எரிப்பது கொடுமை என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. அந்தக் குறிப்பில் பெரும் இடம் வேறொரு கேள்விக்குப் போகிறது: தடை செய்தால் சிப்பாய்கள் கிளம்புவார்களா? இதற்காக 49 படை அதிகாரிகளிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்டிருக்கிறார், அதில் 24 பேர் உடனே முழுதாக ஒழிக்கலாம் என்கிறார்கள். அப்புறம் கணக்குப் போடுகிறார். 1828-இல் வங்காள மாகாணம் முழுதிலும் 463 சதி. அதில் 420 கீழ் மாகாணங்களான வங்காளம், பீகார், ஒரிசாவில், அதிலும் 287 கல்கத்தா வட்டாரத்தில் மட்டும். கம்பெனியின் சிப்பாய்கள் பெரும்பாலும் வருவது மேல் மாகாணங்களிலிருந்து. அங்கே வெறும் 43. ஆகவே தடை செய்தாலும் படை கொந்தளிக்காது என்பது அவர் தீர்ப்பு.

ராஜா ராம்மோகன் ராய் சதியை எதிர்த்தவர்களில் முதன்மையானவர், அவரே சட்டம் வேண்டாம், போலீசை வைத்துச் சத்தமில்லாமல் கட்டுப்படுத்துங்கள் என்றுதான் பெண்டிங்கிடம் சொன்னார். அதையும் மீறிச் சட்டம் போட்டார். தடையை எதிர்த்த தர்ம சபாக்காரர்கள் மேல்முறையீட்டுக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள், 1832-இல் மனு தள்ளுபடி. 1830-இலேயே சென்னை மாகாணத்துக்கும் தனி விதி வந்துவிட்டது.

இதைச் செய்தவர் வேலூரில் அடிபட்ட ஆள். 1806-இல் கேட்காமல் உத்தரவு போட்டு என்ன ஆனது என்று நேரில் பார்த்தவர், 1829-இல் வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொரு முகாமின் மனநிலையையும் கேட்டு அறிந்துகொள்கிறார். வேலூரில் செத்த சிப்பாய்கள் இந்தப் பாடத்தை அவருக்கு உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

#10 மேகலை

அப்படியென்றால் அந்த 43 என்பது 430 ஆக இருந்திருந்தால் சட்டம் வந்திருக்காதா? எரிந்த பெண்ணின் உயிர், அவள் அண்டை வீட்டுக்காரன் கம்பெனிப் படையில் இருக்கிறானா என்பதைப் பொறுத்ததா? இதைப் படித்துவிட்டு எனக்கு அவர் மேல் மதிப்பு கூடவில்லை. ஆனாலும் சட்டம் வந்தது என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்கு முன் இருந்த தலைமை ஆளுநர்கள் எல்லாரும் இதே பயத்தைச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள், இவர் தள்ளிப்போடவில்லை.

#11 தென்கரை

ஆங்கிலக் கல்வியைப் பற்றி யாருமே பேசவில்லையே? மெக்காலே பெயர்தான் எல்லா இடத்திலும்.

#12 நூலகவாசி

மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் இறங்கி, அப்போது ஊட்டியில் தங்கியிருந்த பெண்டிங்கைப் பார்க்கப் பல்லக்கிலேயே போனார், ஏறத்தாழ 400 மைல், மனிதர் தோளில். ஆங்கிலக் கல்விதான் வேண்டும் என்ற மெக்காலேயின் குறிப்பு 1835 பிப்ரவரி 2. பெண்டிங் அதை ஏற்று ஆணை போட்டது மார்ச் 7. அதே மாதம் இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டார். கையெழுத்து அவருடையது, கிளம்பும் அவசரத்தில் போட்டது என்று சொல்லிவிட முடியாது, பல வருடமாகவே அவர் எண்ணம் அதுதான். சமஸ்கிருத, அரபிக் கல்லூரிகளை மூடவில்லை, ஆனால் புதிதாகப் பணம் கிடையாது. என் அபிப்பிராயம், தாய்மொழிக் கல்வியைப் பற்றி அந்த விவாதத்தில் இருந்த இரண்டு அணியுமே (ஆங்கிலம் வேண்டும் என்றவர்களும் சமஸ்கிருதம், அரபி வேண்டும் என்றவர்களும்) அக்கறைப்படவில்லை, அதன் விலையை நாம் இன்றும் கொடுக்கிறோம். அதே வருடம் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியை மட்டும் மனதாரப் பாராட்டுவேன்.

தாஜ்மகாலை இடித்துப் பளிங்கை விற்கப் பார்த்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் இல்லை. ஆக்ரா கோட்டையில் கழற்றிக் கிடந்த பளிங்கை விற்றது உண்மை, அதிலிருந்து கிளம்பிய வதந்தி.

#13 கணக்குப்பிள்ளை

மைசூரையும் குடகையும் விட்டுவிடாதீர்கள். 1831-இல் நகர் பகுதி விவசாயிகள் கிளர்ச்சியைக் காரணம் காட்டி மைசூர் நிர்வாகத்தை மகாராஜாவிடமிருந்து எடுத்துக்கொண்டார், 1834-இல் குடகு அரசையே கம்பெனியோடு சேர்த்தார். சீர்திருத்தவாதி என்ற பட்டம் மட்டும் போட்டால் இது மறைந்துவிடும். மைசூரில் ஒரு பகுதியையாவது மகாராஜாவிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று பிறகு அவரே பரிந்துரைத்தார், லண்டன் கேட்கவில்லை. 1881 வரை திரும்பவில்லை.

#14 வேலூர்க்காரன்

கணக்குப்பிள்ளை சொன்னது சரி, குடகு விஷயத்தில் அவரைக் காப்பாற்ற நானும் வரமாட்டேன். மேகலைக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு, 1835 பிப்ரவரியில், தலைமை ஆளுநராகவும் படைத்தலைவராகவும் ஒரே சமயத்தில் இருந்த பெண்டிங் ஓர் உத்தரவு போட்டார்: கம்பெனியின் இந்தியப் படையில் இனிக் கசையடி கிடையாது. அதே படையில் இருந்த வெள்ளைச் சிப்பாய்க்கு அடி தொடர்ந்தது, அதனால் வெள்ளை அதிகாரிகள் கொதித்தார்கள், ஒழுங்கு கெட்டுவிடும் என்று கூச்சல். அவர் மாற்றவில்லை. தலைக்கு 900 அடி விழுந்தபோது ஆளுநராக இருந்தவர் போட்ட உத்தரவு இது.

#15 மேகலை

இது எனக்குத் தெரியாத தகவல், நன்றி. அந்த உத்தரவு எத்தனை வருடம் நின்றது?

#16 வேலூர்க்காரன்

பத்து வருடம். 1845-இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் கசையடியைத் திரும்பக் கொண்டுவந்தார். பெண்டிங் அப்போது உயிரோடு இல்லை. ஊர் போனதும் பிரபுப் பட்டம் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டு 1836-இல் கிளாஸ்கோ தொகுதியில் நின்று மக்களவைக்குப் போனார், இந்தியாவுக்கு நீராவிக் கப்பல் விடுவது பற்றிய நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், 1839 ஜூனில் பாரிஸில் இறந்தார். பிள்ளைகள் இல்லை.

அந்த 1806 மே மாத விசாரணையில் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களின் பெயர்ப் பட்டியல் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். மேகலை கேட்டது நியாயமான கேள்வி.